சாமி அலமாரியில் ஒற்றைச் செருப்பு

எனக்கு இப்போது குதிங்கால் வலி. காலையில் பாயை விட்டு எழுந்து முதல் அடி வைக்கும்போது உயிர் போய் உயிர் வரும். நம் வயசுப் பெண்களில் பாதிப் பேருக்கு இது இருக்கிறது. கோயிலில் பிரகாரம் சுற்றும்போது ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தாலே தெரிந்துவிடும். ஆனால் நான் மாரியாத்தாளிடம் குறை சொல்வதில்லை. வலிக்கிற குதிங்காலாவது தரையில் படுகிறதே தாயே என்றுதான் சொல்வேன். அப்படிச் சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது.

சின்ன வயசில் எங்கள் வீட்டுச் சாமி அலமாரியில், ஆத்தா படத்துக்குக் கீழ்த்தட்டில், ஐந்து வருஷம் ஒரு செருப்பு இருந்தது. ஆமாம், செருப்புத்தான். யாரோ போட்டுக் கழற்றியது, அதுவும் ஒற்றை. வெள்ளிக்கிழமைதோறும் அம்மா விளக்குத் துடைத்து, படங்களுக்குப் பொட்டு வைத்து, கடைசியில் அந்தச் செருப்பின் முனையிலும் ஒரு துளி மஞ்சள் தொட்டு வைப்பாள். வீட்டுக்கு வரும் உறவுக்காரர்கள் பார்த்துவிட்டு முகம் சுளிப்பார்கள். ஒரு நாள் காலையில் பார்த்தால் தட்டு காலியாக இருந்தது. அப்பா எடுத்துக்கொண்டு போயிருந்தார். எங்கே என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

அந்தச் செருப்பு எங்கள் வீட்டுக்கு வந்த வருஷத்தைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன். தொண்ணூறுகளின் ஆரம்பம். நான் நாலாம் வகுப்பு. அக்கா ஒன்பதாவது. சிங்காநல்லூர் பக்கம் ஒரு வரிசை வீட்டில் குடியிருந்தோம். அப்பா தச்சு வேலை.

அக்காவுக்கு இரண்டு வயசில் காய்ச்சல் வந்து வலது கால் சூம்பிப்போனது. நான் பார்த்த நாளிலிருந்து அவளுடைய வலது குதிங்கால் தரையில் பட்டதில்லை. விரல்களை மட்டும் ஊன்றி நடப்பாள். ஊன்றி ஊன்றி அந்த இடம் காய்ப்பேறி மரம் மாதிரி ஆகியிருந்தது. சிமெண்டுத் தரையில் அவள் வருவது டக், தப், டக், தப் என்று கேட்கும். வலது கால் டக். இடது கால் தப். கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் அக்கா எந்த அறையிலிருந்து எந்த அறைக்குப் போகிறாள் என்று எங்களுக்குத் தெரியும்.

பள்ளிக்கூடத்தில் பிரேயருக்கு நெடுநேரம் நிற்க வேண்டும் என்று அப்பா ஒரு சின்னக் கட்டை இழைத்துக் கொடுத்திருந்தார். குதிங்காலுக்கு அடியில் தள்ளிவிட்டுக்கொண்டால் பாரம் தாங்கும். மூன்று விரற்கடை உயரம். தச்சு வேலைக்காரர் ஆனதால் அப்பாவுக்கு எதையும் அளந்தால்தான் மனசு ஆறும். தீபாவளிக்குத் தீபாவளி அக்காவை நிற்கவைத்து, தரைக்கும் குதிங்காலுக்கும் நடுவில் விரலை விட்டுப் பார்ப்பார். "மூணு வெரலுதான் கண்ணு. ஏறலை" என்பார். ஏறாததே எங்களுக்குப் பெரிய சந்தோஷம்.

அந்த ஐப்பசியில் பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் அக்காவைப் பார்த்துவிட்டு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். தை மாசம் மேட்டுப்பாளையத்தில் முகாம் போடுகிறார்கள், வெளியூரிலிருந்து ஆபரேஷன் டாக்டர் வருகிறார், குதிங்கால் நரம்பை நீட்டிவிட்டால் கால் கீழே இறங்கிவிடும் என்றார். "இந்த வயசை உட்டுப்போட்டா எலும்பு முத்திருமுங்க. அப்பறம் என்கிட்ட வந்து அழுவாதீங்க" என்று அப்பாவிடம் சொன்னார்.

அம்மா அன்றைக்கே நேர்ந்துகொண்டாள், கால் இறங்கினால் ஆத்தா கோயில் நோம்பிக்கு அக்கா பூவோடு எடுப்பாள் என்று. எரிகிற நெருப்புச் சட்டியைக் கையில் ஏந்திக் கோயிலைச் சுற்றி வர இரண்டு பாதமும் நேராக விழ வேண்டும் அல்லவா. அக்கா வேண்டிக்கொண்டது வேறு. ஒப்பணக்காரத் தெருவில் ஒரு கடைக் கண்ணாடிக்குள் இரண்டு வார் வைத்த பழுப்புச் செருப்பு ஒன்று இருந்தது. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் அக்கா அங்கே நின்றுவிடுவாள். அவளுக்கு வலது காலில் எந்தச் செருப்பும் நிற்காது, கழன்றுவிடும். இடது கால் செருப்பு தேய்ந்து ஓட்டை விழுந்திருக்கும், வலது கால் செருப்பு புதுசாகவே கட்டிலடியில் கிடக்கும். அப்படி நாலு ஜோடி எங்கள் வீட்டில் கிடந்தது. டாக்டர் சீட்டை அவள் பூகோளப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு, தினம் ஒரு தடவை எடுத்துப் பார்ப்பாள்.

மார்கழியில் அப்பாவுக்கு ஒரு பெரிய வேலை வந்தது. மில் முதலாளி குடும்பம் ஒன்று கட்டிய அரங்கத்தில் வெளிநாட்டிலிருந்து ஆட்டக்காரர்கள் வருகிறார்கள் என்று அந்த அரங்கத்து மேனேஜர் ஆள் அனுப்பினார். பாலே என்று பெயர். அதிலும் ராஜா ராணிக் கதை வைத்த பழைய பாலே இல்லையாம், இந்தக் காலத்துப் பாலேவாம். சிமெண்டு மேடையில் ஆடமாட்டார்கள், மரத்தில் தரை போட வேண்டும், அதுவும் கால் வைத்தால் கொஞ்சம் அமுங்கி எழும்ப வேண்டும் என்று ஓலை வந்திருந்தது. அப்பா ரீப்பர் கட்டை அடித்து, அடியில் லாரி டியூபைத் துண்டு துண்டாக வெட்டி வைத்து, மேலே பிளைவுட் போட்டார். அதற்கும் மேலே அவர்கள் கொண்டு வந்த கறுப்புப் பாயைச் சுருள் பிரித்து ஒட்டினார்கள். தினமும் பொழுதோடு வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைக்கும் முன்னால் அன்றைக்குப் பார்த்ததைச் சொல்லுவார்.

"கேட்டியா புள்ள, வெறும் மேடைல காலே வெக்கமாட்டாங்களாமா."

"ஏனுங்க, நம்ம ஊர்ல நோம்பிக்குக் கம்பத்தைச் சுத்தி ஆடறவங்க கல்லு மேல ஆடறாங்க, முள்ளு மேல ஆடறாங்க. இவங்களுக்கு மெத்தை கேக்குதாக்கும்?" என்றாள் அம்மா.

"காலு சொகமில்லாதவங்க புள்ள. பாவம், கேலி பண்ணாத."

அடுத்த நாள் இன்னும் கொஞ்சம் கண்டுபிடித்து வந்தார். "ஒருத்தர் பாக்கி இல்லாம காலுக்குப் பிளாஸ்திரி. ஆடி முடிச்சுப்போட்டு ஐஸ் வாளிக்குள்ள காலை உட்டுட்டு ஒக்காந்துக்கறாங்க. கீழ நடந்தா வாத்தாட்டம் அகட்டி அகட்டித்தான் நடக்க முடியுது. ஆனா அந்தச் செருப்பை மாட்டி நாடாவைக் கட்டிட்டாங்கன்னு வையி, பம்பரந்தான். மொனையில நிக்கறாங்க!"

"மொனையிலயா?"

"ஆமாங்கறேன். நான் எடுத்துத் தட்டிப் பாத்தேன். கட்டையாட்டம் இருக்குது. உள்ள என்ன மரம்னுதான் தெரியல."

வீட்டுக்கணக்குப் போட்டுக்கொண்டிருந்த அக்கா தலையைத் தூக்கினாள். "செருப்பைக் கழட்டினா அவங்களுக்குக் குதிங்கால் கீழ படுதாங்கப்பா?"

அப்பா யோசித்தார். "படுது கண்ணு. பட்டுருச்சு போல. போட்டுப் போட்டுச் செரியாயிருக்கும்."

அக்கா மறுபடி கணக்கைப் பார்த்துக்கொண்டாள். அப்பா சொன்னதில் தப்பு என்ன என்று எனக்கு அப்போது தெரியவில்லை. பிளாஸ்திரி, ஐஸ் வாளி, வாத்து நடை, மெத்தென்ற தரை. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். உலகத்தில் எங்கேயோ கால் முடியாதவர்களை எல்லாம் சேர்த்து, அவர்களுக்கென்று ஒரு செருப்புச் செய்து, ஆடவும் வைத்து ஊர் ஊராக அனுப்புகிறார்கள் என்று நானும் நம்பினேன். பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்லவும் செய்தேன்.

ஆட்டம் நடந்த அன்று எங்கள் மூவருக்கும் மேனேஜர் பாஸ் கொடுத்தார். அம்மா இருப்பதிலேயே நல்ல பச்சைச் சேலை கட்டிக்கொண்டு, ஒரு பொட்டலத்தில் விபூதியும் எடுத்துக்கொண்டாள். அப்பா எங்களை முன்வரிசையில் ஓரத்தில், மேடைக்குப் பக்கவாட்டில் உட்கார வைத்தார். அந்த இடத்திலிருந்து பார்த்தால் மேடையும் தெரியும், திரைக்குப் பின்னால் அவர்கள் வந்து நிற்கிற இடமும் பாதி தெரியும். புதுப் பிளைவுட் வாசனை அடித்தது. அப்பா உள்ளே, பலகை ஏதாவது எழும்பினால் தட்டிவிட, சுத்தியலோடு நின்றிருந்தார்.

முதலில் குத்துவிளக்கு ஏற்றினார்கள். அம்மாவுக்கு நிம்மதி. பிறகு விளக்கை அணைத்து ஆட்டம் தொடங்கியதும் அந்த நிம்மதி போய்விட்டது. எட்டுப் பேர், சாம்பல் நிறத்தில் உடம்போடு ஒட்டின துணி. ஜரிகை இல்லை, கிரீடம் இல்லை, பின்னால் ஒரு படுதாகூட இல்லை. இசை என்றால் மில்லுக்குள் நூற்கிற மிஷின் ஓடுகிற மாதிரி ஒரே இரைச்சல். அந்த இரைச்சலுக்குள் எட்டுப் பேரும் ஒன்றாகத் திரும்புவார்கள், ஒருவர் மட்டும் தப்புவார், மற்ற ஏழு பேரும் அவரைத் தேடி வருவார்கள். பெரிய வீட்டு அம்மாக்கள் கையிலிருந்த அச்சுத்தாளைப் புரட்டிப் புரட்டிக் கதையைத் தேடினார்கள். கிடைக்கவில்லை போலிருக்கிறது.

இரண்டாவதில் ஒரு ஆணும் ஒரு பெண்ணும் மட்டும். அவன் அவளைத் தூக்கினான். தோளில், முதுகில், முழங்காலில், எங்கெங்கோ வைத்துக்கொண்டான், தரையில் மட்டும் விடவேயில்லை. பின்னாலிருந்து நாலு பேர் சிரித்தார்கள். அம்மா "அடச் சாமி" என்று முந்தானையை இழுத்து என் முகத்தில் போட்டாள். நூலிழை வழியாக எல்லாம் தெரிந்தது. அதனால் அந்த ஆட்டம் முழுக்க எனக்குப் பச்சை நிறம். அவர்கள் மூச்சு வாங்குவது காதில் கேட்டது. திரும்பும்போது வேர்வை தெறித்து வெளிச்சத்தில் பொடிப்பொடியாக விழுந்தது.

அந்தப் பெண் ஆடி முடித்துச் சிரித்தபடி உள்ளே ஓடினாள். திரையைத் தாண்டினதும் அந்தச் சிரிப்பு விழுந்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்று, பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்தாள். அங்கே ஒரு மரத்தட்டில் குங்கிலியம் மாதிரி ஒரு பிசின் பொடி வைத்திருந்தார்கள். செருப்பு வழுக்காமல் இருக்க அதில் காலை வைத்துத் தேய்த்தாள். மறுபடி முகத்தில் சிரிப்பை மாட்டிக்கொண்டு மேடைக்கு ஓடினாள். அம்மா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். "அய்யோ, அவரு சொன்னது நெசந்தான். காலு நோவுது பாரு அந்தப் புள்ளைக்கு" என்றாள். அதற்கப்புறம் முந்தானையை என் முகத்திலிருந்து எடுத்துவிட்டாள்.

கடைசிக்கு முந்தின ஆட்டம்தான் நான் சொல்ல வந்தது.

மேடை இருட்டாக இருந்தது. இசை இல்லை. டக், தப். டக், தப். சத்தம் மட்டும் வந்தது. நான் திடுக்கிட்டுப் பக்கத்துச் சீட்டைத் தடவினேன், அக்கா எங்கே எழுந்து போகிறாள் என்று. அக்கா அங்கேயேதான் இருந்தாள். அவள் கை சில்லென்று இருந்தது.

வெளிச்சம் வந்தது. முப்பது வயசு இருக்கும், ஆம்பிளை மாதிரி ஒட்ட வெட்டின தலைமுடி. வலது காலில் மட்டும் அந்தச் செருப்பு, நாடா சுற்றிக் கட்டியிருந்தது. இடது கால் வெறுங்கால். செருப்புக் காலில் முனையில் ஏறினால் ஆள் உயரமாகிவிடுவாள், வெறுங்காலுக்கு வந்தால் குட்டை. ஏறுவதும் இறங்குவதுமாகத்தான் மேடையைச் சுற்றி வந்தாள். நொண்டுவதையே ஆட்டமாக ஆடினாள் என்று சொன்னால் உங்களுக்குப் புரியுமா? முதலில் மெதுவாக. பிறகு வேகமாக. பிறகு ஒரு கட்டத்தில் ஏற்றமும் இறக்கமும் ஒன்றோடொன்று கலந்து, அலை மாதிரி ஆகிவிட்டது. அவள் கோணலாக நடக்கிறாள் என்பதே மறந்து, நேராக நடப்பவர்கள்தான் ஏதோ குறையாக நடக்கிறார்கள் என்று தோன்ற ஆரம்பித்தது.

அக்கா என் காதில் சொன்னாள்: "பாப்பா, அவ நடக்கறா பாரு."

முடிந்ததும் பட்டுச் சேலைக்காரர்களும் கோட்டுக்காரர்களும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அக்காவும் எழுந்து நின்றாள், எதையும் பிடிக்காமல். நான் திரைப்பக்கம் பார்த்தேன். அப்பா சுத்தியலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையும் கூப்பிக் கண்ணை மூடி நின்றார்.

எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்ததும் அப்பா எங்களை உள்ளே கூட்டிப் போனார். அந்த ஒட்ட வெட்டின முடிக்காரி தரையில் உட்கார்ந்து நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அப்பா மேனேஜரிடம் கெஞ்சினார். "சித்தே சொல்லுங்க சார். எம் பொண்ணுக்கும் இதே காலுதாங்க. அந்த ஒத்தைச் செருப்பை மட்டும் குடுக்கச் சொல்லுங்க. பாத்து ஒண்ணு செஞ்சுக்கறேனுங்க."

மேனேஜர் ஏதோ இங்கிலீஷில் சொன்னார். அவள் அக்காவைப் பார்த்தாள். வா என்று கூப்பிட்டு, அக்காவின் வலது காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "ஐயோ வேண்டாமுங்க" என்று அக்கா காலை இழுத்தாள். அவள் விடவில்லை. சூம்பின ஆடுசதையை விரலால் நீவிப் பார்த்தாள். குதிங்காலை உள்ளங்கையால் பிடித்துக் கீழ்ப்பக்கமாக அழுத்தி அழுத்திக் காட்டினாள். ஒரு தடவை இல்லை, நாலைந்து தடவை. செருப்பைக் காட்டித் தலையை ஆட்டினாள், இல்லை, இல்லை என்பது போல. பிறகு தன் கால் பிளாஸ்திரியை உரித்துக் காட்டினாள். விரல் நகம் இரண்டு கறுத்துப் போயிருந்தது. தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. நிறையப் பேசினாள். பேசிக்கொண்டே மேனேஜரைப் பார்த்தாள், சொல்லு, சொல்லு என்று.

வெளியே வேன் ஹாரன் அடித்தது. மேனேஜருக்கு ஆயிரம் வேலை. "செருப்பு உங்க பொண்ணுக்குத்தானாமா ஆசாரி, எடுத்துக்கச் சொல்றாங்க. மத்ததெல்லாம் அவங்க ஆட்டத்துச் சமாச்சாரம், எனக்குப் புரியல. கெளம்புங்க கெளம்புங்க."

அவள் சொன்னது இன்றைக்கு எனக்குப் புரிகிறது. கால் கீழே வரவேண்டும், பெண்ணே. எப்படியாவது கீழே கொண்டுவரச் சொல். இந்தச் செருப்பு மருந்தில்லை, இது எங்களுக்கே புண். கைஜாடையில் அதைவிடத் தெளிவாக யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அந்த ரத்தத்தைப் பார்த்து அப்பா வேறு நினைத்துக்கொண்டார். பஸ்ஸில் வரும்போது அம்மாவிடம், "பாத்தியா, எப்படிப்பட்ட காலு! அந்தக் காலை வெச்சுட்டு அந்த ஆட்டம் ஆடறாள்னா, அத்தனையும் செருப்போட மகிமை. ஆத்தாதான் இந்த நேரத்துல நம்ம கண்ணுக்குக் காட்டியிருக்கறா" என்றார்.

"அப்ப தை மாசம் மேட்டுப்பாளையம்?" என்று அம்மா கேட்டாள்.

"கொழந்தை மேல கத்தி வெக்க வேண்டாம் புள்ள. எனக்கு மொதல்லிருந்தே மனசு ஒப்பல."

அம்மாவுக்கும் ஒப்பவில்லைதான். பெருமூச்சு விட்டு விபூதிப் பொட்டலத்தைப் பிரித்து அக்கா நெற்றியில் வைத்தாள். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். செருப்பு அவள் மடியில் இருந்தது. சந்தன நிறத்துப் பட்டு, உள்ளே வேர்வை ஈரம், மேலே கோயில் வாசனை.

பொங்கல் வேலையெல்லாம் விட்டுவிட்டு அப்பா அந்தச் செருப்பைப் பார்த்துப் பார்த்து ஒன்று செய்தார். மலைவேம்பில் முனை கடைந்தார். மேலுக்கு அம்மாவின் கல்யாணப் பட்டிலிருந்து ஒரு துண்டு வெட்டினார். தைப்பதற்குக் கோட்டைமேட்டில் பை தைக்கிற பாயிடம் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பாய் அந்த வெளிநாட்டுச் செருப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங்க ஆசாரியாரே, இதென்ன வைத்தியச் செருப்புங்களா? பாத்தா கூத்தாடறவங்க செருப்பாட்டம் இருக்குது."

"வைத்தியந்தானுங்க பாய். நான் கண்ணால பாத்தேன்."

"இல்லீங்க, குதிங்காலுக்குத் தாங்கலே இல்லியே? வைத்தியம்னா குதிங்காலைத்தானுங்களே தாங்கோணும்?"

"நீங்க தையலைப் போடுங்க பாய். காலு எங்க பொண்ணோடது."

பாய் சிரித்துக்கொண்டே ஊசியில் நூல் கோத்தார். "செரிங்க. அல்லா காப்பாத்தட்டும், உங்க ஆத்தாளும் காப்பாத்தட்டும்."

மேட்டுப்பாளையம் முகாம் அன்றைக்குக் காலையில் அக்கா சீக்கிரமே குளித்துத் தலை பின்னி, பாவாடை தாவணியோடு கட்டில் மேல் உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூடம் லீவு. எங்கேயும் போக வேண்டியதில்லை. கையில் டாக்டர் சீட்டு. நான் பக்கத்தில் போனதும், "பாப்பா, மேட்டுப்பாளையம் பஸ்ஸு எத்தனை மணிக்குன்னு கேளேன் அப்பாகிட்ட. சும்மா கேக்கற மாதிரி கேளு" என்றாள்.

நான் எழுந்து வாசலுக்குப் போனேன். அப்பா அப்போதுதான் புதுச் செருப்பின் முனைக்குக் கடைசியாக உப்புத்தாள் போட்டுத் தேய்த்து முடித்திருந்தார். ராத்திரியெல்லாம் தூங்காத கண். என்னைப் பார்த்ததும் குழந்தை மாதிரி சிரித்து, "அக்காவைக் கூப்புடு அம்மணி, ஆயிருச்சு" என்றார். எனக்குக் கேட்க வாய் வரவில்லை. அவ்வளவுதான். அந்த ஒரு கேள்வியை நான் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இத்தனை வருஷமாக நினைத்துப் பார்க்கிறேன். ஒன்பது வயசுப் பிள்ளை பஸ் நேரம் கேட்டால் எல்லாம் மாறிவிடுமா என்று நீங்கள் சொல்வீர்கள். இருக்கலாம். ஆனால் நான் கேட்கவில்லை.

அப்பாவும் நானும் உள்ளே போனோம். அக்கா எங்களைப் பார்த்தாள். சீட்டை நாலாக மடித்துப் பூகோளப் புத்தகத்துக்குள் வைத்தாள். காலை நீட்டினாள். அப்பா நாடா கட்டினார். துணி காயப்போடுகிற கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் முனையில் ஏறி நின்றாள். அவளை அவ்வளவு உயரமாக நாங்கள் பார்த்ததில்லை.

"வலிக்குதா கண்ணு?"

"இல்லீங்கப்பா."

அந்த வருஷம் முழுக்க அவள் அந்தப் பதிலைத்தான் சொன்னாள். காலையில் அரை மணி, பொழுதோடு அரை மணி. விரலிடுக்கில் புண் வந்தது. அம்மா மஞ்சளும் வேப்பெண்ணெயும் போட்டாள். குளியலறையில் தண்ணீர் திறந்துவிட்டுக்கொண்டு அக்கா அழுவாள். தண்ணீர்ச் சத்தத்துக்குள் எனக்குக் கேட்கும். வெளியே வந்தால் முகம் கழுவின மாதிரி இருக்கும். அப்பாவுக்கு அவள் வலி தெரியக்கூடாது என்று அக்கா பார்த்துக்கொண்டாள். அக்காவுக்குத் தன் பயம் தெரியக்கூடாது என்று அப்பா பார்த்துக்கொண்டார். இருவருக்கும் நடுவில் அம்மா வெள்ளிக்கிழமைதோறும் செருப்புக்குப் பொட்டு வைத்தாள். எங்கள் வீட்டில் யாருக்கும் யார் மேலும் அன்பு இல்லாமல் இல்லை. அதுதான் எங்களைக் கெடுத்தது.

தீபாவளிக்கு அப்பா விரலை விட்டு அளந்தார். நாலு. மறுபடி அளந்தார். எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். அடுத்த தையில் முகாமுக்குக் கூட்டிப் போனோம், நான்கு பேருமாக. டாக்டர் பார்த்துவிட்டுச் சீட்டின் தேதியைப் பார்த்தார். அவர் கத்தியிருந்தால்கூடத் தேவலை. மெதுவாகத்தான் சொன்னார்: "எலும்பு இந்த வாக்குலயே முத்திருச்சுங்க. இனி வெட்டினாலும் பாதிகூட எறங்காது."

அதற்குப் பிறகும் அப்பா தப்பு எங்கே என்று கண்டுபிடிக்கவில்லை. தன் கைவேலையில்தான் தப்பு என்று நினைத்தார். "உள்ள என்னமோ வெச்சிருக்கறாங்க. எனக்குப் பிடிபடல" என்று அந்த அசல் செருப்பை அலமாரியிலிருந்து எடுத்து வெளிச்சத்தில் பார்ப்பார், திரும்ப வைப்பார். தான் செய்ததை அடுப்பில் போட்டார். மலைவேம்பு லேசில் எரியவில்லை, புகைந்தது.

நான் ஒன்பதாவது படிக்கும்போது எங்கள் வரிசையில் எல்லா வீட்டுக்கும் கேபிள் வந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பா சாப்பிட்டுவிட்டு டிவி முன்னால் படுத்திருந்தார். நான் சேனலைத் திருப்பிக்கொண்டே போனேன். "இரு, இரு" என்று எழுந்து உட்கார்ந்தார்.

பெரிய கண்ணாடி வைத்த ஒரு கூடம். பத்துப் பன்னிரண்டு வயசுப் பெண் குழந்தைகள். அதே சந்தன நிறச் செருப்பு. தரையில் உட்கார்ந்து சிரித்துப் பேசிக்கொண்டு நாடா கட்டினார்கள். எழுந்து முனையில் ஏறினார்கள். வகுப்பு முடிந்ததும் செருப்பைக் கழற்றி வீசிவிட்டு, வெறுங்காலோடு, குதிங்கால் தரையில் தொம் தொம் என்று அடிக்க, வெளியே ஓடினார்கள்.

"இந்தக் கொழந்தைகளுக்குக் காலுல என்ன நோவு?" என்று அப்பா கேட்டார்.

டிவியில் வகுப்பை மறுபடி காட்டினார்கள். ஒரு டீச்சரம்மா தரையில் மண்டியிட்டு ஒரு குழந்தையின் குதிங்காலை உள்ளங்கையால் பிடித்துக் கீழே அழுத்தினாள். விட்டாள். அழுத்தினாள். அப்பா அதையே பார்த்தார். அந்தக் கைஜாடையை அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது.

டக், தப். டக், தப். அடுக்களையிலிருந்து அக்கா காப்பி கொண்டுவந்தாள், பின்னாலேயே அம்மாவும் வந்தாள். நான் டிவியை நிறுத்தினேன். ஆனால் அவள் பார்த்துவிட்டாள். அவள் முகத்தில் புதுசாக ஒன்றும் தெரியவில்லை.

"உனக்குத் தெரியுமா கண்ணு?" என்றார் அப்பா.

"காப்பி ஆறுதுங்கப்பா."

"எப்பருந்து தெரியும்?"

அக்கா டம்ளரைக் கீழே வைத்தாள். "அவங்க என் காலைப் புடிச்சாங்களே, அப்பவே ஒரு மாதிரி இருந்துச்சுங்கப்பா. போச்சாதுங்க. அதுக்கென்ன இப்ப."

அக்கா இப்போது கோபிசெட்டிபாளையத்தில் இருக்கிறாள். நல்ல மனுஷன், இரண்டு பிள்ளைகள், ஆத்தா புண்ணியத்தில் குறை ஒன்றும் இல்லை. அப்பாவைக் குறை சொல்லி ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து இதுவரை வந்ததில்லை. எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

டிவி பார்த்த அன்றைக்கு அப்பா எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே நகர்ந்து அக்காவின் காலடிக்கு வந்தார். "நில்லு கண்ணு, அசையாத" என்றார். தரைக்கும் குதிங்காலுக்கும் நடுவில் விரலை விட்டார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, கட்டைவிரலையும் சேர்த்து ஐந்து. அப்போதும் இடம் மிச்சம் இருந்தது. குதிங்காலைப் பிடித்து மெதுவாகக் கீழே அழுத்திப் பார்த்தார், அந்த வெளிநாட்டுக்காரி செய்த மாதிரியே. அது இறங்கவில்லை. இன்னொரு தடவை அழுத்தினார். "வலிக்குதுங்கப்பா" என்றாள் அக்கா. அவளிடமிருந்து அந்தச் சொல்லை நாங்கள் கேட்டது அதுதான் முதல் தடவை.

அப்பா அழுத்துவதை நிறுத்திவிட்டார். முழங்கையைத் தரையில் ஊன்றி, உள்ளங்கையை மேல்பக்கமாகத் திருப்பி, குதிங்காலுக்கு அடியில் கொண்டுபோய் வைத்தார். "எறக்கி வையி கண்ணு" என்றார். அக்கா என்னைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தன் பாரத்தை அந்தக் கையின் மேல் இறக்கினாள்.